ஏழாம் பாட்டின் நடுவில்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தெனியவை நோக்கி இறங்கும் பாதையில், மார்கழி மாதத்து விடியற்காலைகளில், கண்ணைக் காட்டிலும் காதே பெரிய துணை. தேயிலை மலைகளின் மடிப்புகளிலிருந்து எழும் பனி பாதையின்மீது படுத்துக்கொண்டால், வேனின் முன்விளக்கு பத்தடி தூரத்தில் ஒரு வெண்சுவரில் முட்டி நின்றுவிடும். விளக்கைக் கூட்டினால் சுவர் இன்னும் வெளுக்கும்; அவ்வளவே. ஆதலால் இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் தங்களுக்குள் எழுதாத விதியொன்றை வைத்திருக்கிறார்கள். வளைவுக்கு முன்னால் நீளமாக ஹோர்ன் அடிப்பார்கள். அடித்தபின் பாதையின் நடுவை எடுத்துக்கொள்வார்கள். எதிரே வருபவன் அந்த ஒலியைக் கேட்டு ஓரம் ஒதுங்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் சின்ன வண்டி பெரிய வண்டிக்கு வழிவிடும். வீதி விதிகளை அச்சிட்ட எந்தக் கையேட்டிலும் இது இல்லை. பனியில் மெதுவாகப் போக வேண்டும் என்பதை மறந்து, பனியில் சத்தமாகப் போனால் போதும் என்று நாங்கள் எல்லோரும் பழகிவிட்டிருந்தோம்.

நான் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். என் வாழ்வில் எனக்கென்று நான் தேடிச் சேர்த்தவை பழைய அருட்பாடல்கள் மட்டுமே. இளமையில் மனனம் செய்தவை எழுபத்து மூன்று வயதிலும் என் நாவில் பிசகாமல் நிற்கின்றன. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பெருமை என்னிடம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்கழித் திங்கட்கிழமைகளில் எங்கள் தோட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேன் பிடித்து, கண்டி நகரத்துக் கோயிலில் காலை அபிஷேகம் காணப் போவது வழக்கம். வேன் தோட்டத்துக் கீழ்வாசலைத் தாண்டியதும் நான் ஒரு பதிகத்தைத் தொடங்குவேன். பத்துப் பாட்டும், பலன் சொல்லும் பதினோராம் பாட்டும் முடியும் வரை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியையும் மற்றவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். பதிகத்தைப் பாதியில் நிறுத்துவது, இறைவனை வாசல்வரை அழைத்து வந்து கதவைச் சாத்துவது போன்றது என்பது எனக்குப் பாடம் சொன்னவருடைய கொள்கை. நானும் அதையே கடைப்பிடித்தேன். பிறரையும் கடைப்பிடிக்க வைத்தேன்.

எங்கள் வேனை ஓட்டியவர் எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர், நாற்பதைக் கடந்தவர், மதுவைத் தொடாதவர். முதல் மார்கழியில், ஒரு வளைவுக்கு முன்னால், நான் இறைவன் திருப்பெயரை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் வழக்கம்போல் நீளமாக ஹோர்ன் அடித்தார். நான் பாட்டை நிறுத்திவிட்டேன். இனி அந்த வேனில் பதிகம் பாதியில் நிற்காது என்று அப்போது நினைத்தேன்.

"தம்பி, சாமி பேரு வாய்ல இருக்கிறப்ப இப்பிடி ஊதலாமா? பாட்டு முடியிற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புத்தாங்க ஐயா. இனி நடக்காதுங்க."

பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "ஒரு கையாவது ஸ்டீயரிங்ல இருக்கட்டும் டிரைவரே. அபிஷேகத்துக்குப் போறோமுன்னு பாத்தா சாமிகிட்டயே கொண்டு விட்டுருவீங்க போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அன்று முதல் நான் பாடத் தொடங்கினால் அவர் ஹோர்னைத் தொடுவதில்லை. ஹுன்னஸ்கிரிய சந்தியில் மற்றச் சாரதிகளிடம் இதைச் சொல்லி மகிழ்வார். "ஐயா பாட ஆரம்பிச்சா எங்க வண்டி வாயத் தொறக்காது." "அப்ப ஒங்க வண்டிக்கும் மார்கழி வெரதமா?" என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவர் சளைக்க மாட்டார். ஒலியில்லாத குறையை வேகத்தைக் குறைத்து ஈடுசெய்தார். வளைவுகளில் இடப்புற மண்விளிம்பை ஒட்டி, விளக்கை அணைத்து ஏற்றி, நடக்கும் மனிதனின் வேகத்தில் இறங்குவார். மூன்று மார்கழிகள் இவ்வாறு கழிந்தன. எவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. என் பாட்டுக்கு இறைவன் தந்த காவல் என்று அதை நான் நம்பினேன். அது ஓர் எளிய மனிதனுடைய எச்சரிக்கையினால் கிடைத்த காவல் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் மார்கழியின் இரண்டாம் திங்கட்கிழமை. விடிவதற்கு முன் நான் பறித்து வைத்த செவ்வரத்தம் பூக்களில் எறும்பு ஏறியிருந்தது. அவற்றைக் கொட்டிவிட்டு, பனியில் கை விறைக்க, மறுபடி பறித்தேன். வேன் கால்மணி நேரம் காத்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் நானே சொன்னேன்: "மணி ஆயிருச்சு தம்பி. அபிஷேகம் தொடங்கிருவாங்க. கொஞ்சம் வெரசாப் போங்க."

"பூவுல எறும்பு ஏறுனது டிரைவரோட குத்தமா?" என்றாள் என் மனைவி.

"நம்ம பாத்துப் போயிறலாம் அம்மா," என்றார் அவர்.

இரண்டு வளைவு இறங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு தனியார் பஸ் அலறிக்கொண்டு வந்தது. எதிரே என்ன வருகிறதென்று எவருக்கும் தெரியாத இடத்தில், எங்களை உரசுவது போல் முந்திக்கொண்டு போயிற்று. பனி அதை விழுங்கியது. சிவப்பான பின்விளக்குகள் இரண்டு மட்டும் மிதந்தன.

"இவனுங்களுக்கு எமன்தான் டைம்கீப்பர் போல," என்றார் சாரதி. பிறகு சற்று யோசித்து, "அதுவும் நல்லதுதாங்க ஐயா. அந்த வெளக்கப் புடிச்சிக்கிட்டே நம்மளும் எறங்கிறலாம்," என்றார்.

நான் மறுக்கவில்லை. பஸ்ஸின் சிவப்பு விளக்குகளைக் குறியாக வைத்துக்கொண்டு, மற்ற நாட்களைவிட வேகமாக, பாதையின் நடுவில் வேன் இறங்கத் தொடங்கியது. நான் பதிகத்தைத் தொடங்கினேன். குளிருக்காகக் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. பத்துப் பேரின் குரலால் வேனின் உட்புறம் அதிர்ந்தது. சத்தமில்லாமல் போகச் சொன்னவனும் நான், வேகமாகப் போகச் சொன்னவனும் நான். இரண்டும் பனியில் ஒன்றாக இருக்க முடியாதவை. அந்தக் காலையில் அவை இரண்டையும் ஒருவர் கையிலேயே கொடுத்திருந்தேன்.

ஏழாம் பாட்டின் நடுவில் ஒரு பெரிய வளைவு. பஸ் அதற்கு முன்னால் நீளமாக ஹோர்ன் அடித்துத் திரும்பி மறைந்தது. நாங்கள் திரும்பியபோது, கண்ணாடிக்கு நேர் எதிரே, மங்கலான மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. அதைப் பொருளென்று உணர்வதற்குள் மோதிவிட்டோம். வேன் வழுக்கிச் சென்று மலைப்பக்கத்து மண்ணில் முட்டி நின்றது.

பாட்டு நின்ற பிறகுதான் அந்த மெட்டு என் காதில் விழுந்தது. பேக்கரியில் சுட்ட பாண் விற்கும் முச்சக்கரவண்டிகள் தெருத்தெருவாக ஒலிக்கவிட்டுக்கொண்டு போகுமே, அந்தச் சின்ன மெட்டு. பனி நாட்களில், வாங்க ஆளில்லாத பாதையிலும் அவர்கள் அதை ஓடவிடுவார்கள். எதிரே வருபவர்களுக்குத் தாங்கள் வருவதை அறிவிக்க அவர்களிடம் உள்ளது அதுதான். வண்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் கண்ணாடிப் பெட்டி உடைந்து, சூடு ஆறாத பாண்கள் பாதையெங்கும் சிதறி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மெட்டு நிற்கவே இல்லை.

என் நெற்றியில் இரத்தம் வழிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். நான் இறங்கி அவனிடம் போனேன். முப்பது வயதிருக்கும். மருந்துச்சாலையில் முப்பத்தோராண்டு நாடி பிடித்த கை இது. தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தலையை அசைக்காமல் என் மடியில் தாங்கிக்கொண்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வலியைக் காட்டிலும் வியப்பே அவன் முகத்தில் இருந்தது.

"ஒரு ஹோர்ன் தானே கேட்டிச்சி," என்றான்.

என் சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்தினேன்.

"பஸ் போயிட்டுத் தானே," என்றான். அதன்பின் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு லொறி கிடைப்பதற்குள் அவன் உயிர் பிரிந்தது.

அவன் சொன்ன இரண்டு சொற்றொடர்களின் பொருள் எனக்கு அங்கேயே, அந்த ஈரத் தாரில் உட்கார்ந்திருந்தபோதே விளங்கிவிட்டது. மேலே ஏறி வந்தவன் பஸ்ஸின் ஹோர்னைக் கேட்டிருக்கிறான். விதிப்படி ஓரம் ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழி விட்டிருக்கிறான். அது கடந்தபின், வேறெந்த ஒலியும் இல்லாததால், பின்னால் வண்டி இல்லை என்று நம்பித் தன் பாதைக்குத் திரும்பியிருக்கிறான். அவன் அவனுடைய பக்கத்தில்தான் இருந்தான். அவன் தன்னை அறிவித்துக்கொண்டே வந்தான். நாங்கள்தான் அறிவிக்கவில்லை, அவன் அறிவித்ததையும் கேட்கவில்லை.

பொலிஸார் வந்தார்கள். ஒரு சார்ஜன், பாதியளவு தமிழ் பேசத் தெரிந்தவர், சாரதியிடம் முதலில் கேட்டார்.

"வளைவுல ஹோர்ன் அடிச்சதா?"

"அடிச்சேங்க சேர்," என்றார் சாரதி. அவர் முகம் சாம்பலாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"அடிச்சாரு, அடிச்சாரு. நாங்க கேட்டோம்," என்றாள் என் மனைவி, யாரும் கேட்பதற்கு முன்பே. பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். கூட்டமாகக் கடைசி அடியைத் திருப்பிப் பாடிப் பழகியவர்கள் நாங்கள்.

சார்ஜன் என்னிடம் திரும்பினார். "பெரியவர் சொல்லுங்க."

"அடித்தார்," என்றேன்.

வாழ்நாள் முழுதும் மெய்யென்ற சொல்லை இறைவனுக்குப் பெயராகச் சொல்லித் துதித்த வாய் அது. ஒரே சொல்லில் அது முடிந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கையொப்பமிட்டேன்.

அடுத்த நாள் மாலைக்குள் அந்த விபத்தின் படம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டது. பாதையோரம் நின்ற யாரோ எடுத்தது. கவிழ்ந்த வண்டி, சிதறிய பாண், உடைந்த முன்விளக்கு. கீழே ஒரு வாசகம்: பனியில் விளக்கில்லாமல் வந்த பாண்காரனின் கதி. அதன்கீழே மனிதர்கள் எழுதியிருந்தவற்றை நான் முழுவதும் வாசிக்கவில்லை. முச்சக்கரவண்டிக்காரர்கள் எல்லோரையும் வைது, பட்டரியை மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்து ஓட்டுகிறவர்கள் என்று பலர் எழுதியிருந்தார்கள். அப்படி ஓட்டுகிறவர்கள் உண்டு, நானும் கண்டிருக்கிறேன். ஆனால் மோதுவதற்கு முன்னால் நான் கண்டது ஒரு மஞ்சள் நிறம். அது விளக்கின் நிறம்.

அந்த வாரம் முழுதும் பூசை அறையில் உட்கார்ந்தால் வாய் திறக்கவில்லை. முன்னோர் பாடி வைத்த பாட்டுகளில் பாதி, பிழை பொறுக்க வேண்டும் என்று கேட்பவை. அவற்றை உருக்கத்தோடு பாடுவதில் எனக்கு ஊரில் ஒரு பெயரே இருந்தது. அப்போதெல்லாம் நான் எந்தப் பிழையை நினைத்துப் பாடினேன்? நினைவில்லை. இப்போது பிழை இருந்தது. அதைப் பொறுக்க வேண்டியவர் திகனவில் இருந்தார்.

"போகப் போறேன்," என்று மனைவியிடம் சொன்னேன்.

"எங்க?"

"அந்தப் பையனோட அப்பாவப் பாக்க. அப்புறம் பொலிசுக்கு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ஒங்க மனசு ஆறுறதுக்கு அவன் ஜெயிலுக்குப் போகணுமா? அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஒங்க பேச்சக் கேட்டவன்தானே அவன். அவன நம்மளே காட்டிக் குடுக்கணுமா?"

"செத்தவன் மேல பழி கெடக்கு."

"செத்தவனுக்குப் பழி என்ன, புகழ் என்ன? இருக்கிறவனப் பாருங்க."

அவள் சொன்னதில் நியாயம் இல்லையென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் போனேன். போவதற்கு முன் சாரதியின் வீட்டுக்குப் போய் அவரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் குடியிருக்கும் லயம் எங்கள் வீட்டிலிருந்து நானூறு அடிகூட இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தினால், வேறு வழியாகச் சுற்றி இறங்கிப் பஸ் ஏறினேன்.

இறந்தவனின் தந்தை என் வயதினர். திகனவில் ஒரு கடைக்குப் பின்னால் சிறிய வீடு. தொப்பியணிந்து, வெளியே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். என் நெற்றிக்கட்டையும் அதன்கீழே திருநீற்றையும் பார்த்ததும் யாரென்று ஊகித்துவிட்டார்.

"வாங்க. இரீங்க," என்றார். உள்ளே யாரிடமோ பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். பிறகு அவரே பேசினார். "மகன் லைட் இல்லாம வந்தெண்டு போன்லயெல்லாம் போட்டீக்கி. தொழப் பள்ளிக்குப் போனாலும் ஆக்கள் அதத்தான் கேக்குறாங்க. அவன் அப்பிடி ஓட்ற புள்ள இல்ல. பல்ப் ஒண்டு பழுதாப் போனா யாவாரத்துக்கே போக மாட்டான்."

நான் சொன்னேன். என் பாட்டு, என் தடை, என் அவசரம், என் பொய், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். தேநீர் வந்தது, இருவரும் தொடவில்லை.

"மகன் கடைசியா என்ன சென்னான்?" என்று கேட்டார்.

"ஒரு ஹோர்ன்தானே கேட்டது என்று சொன்னார். பஸ் போய்விட்டதே என்றார்."

அவர் அதைத் தமக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அப்ப அவன் ஒதுங்கித்தான் ஈந்தான்," என்றார்.

"ஒதுங்கித்தான் இருந்தார்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அந்தச் சொல்லை அப்படியோர் அழுகையோடு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இது போதும் நானா. ஆனா அவன்ட மகளுக்குப் போதாது. அவ பெரிசானா வாப்பாவப் பத்தி அந்தப் போன்லதானே பாப்பா. நான் ஒங்களப் பொலிசுக்குப் போங்க எண்டு செல்ல மாட்டேன். அந்த டிரைவரும் புள்ளகுட்டிக்காரன். போறதெண்டா நீங்களாப் போங்க."

நான் பிறந்த சாதி சமயம் எதையும் பாராமல், என்னை மூத்த சகோதரனாக அழைத்த அந்தச் சொல் வழி முழுவதும் என்னோடு வந்தது. நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

அதே சார்ஜன் இருந்தார். முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய்யென்றும், ஹோர்ன் அடிக்கப்படவில்லையென்றும், அதற்குக் காரணம் நானென்றும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஐயா பாட்டு படிச்சது. அது குற்றம் இல்ல தானே."

"நான் சொன்னதாலதான் அவர் அடிக்கல்ல. வேகமாப் போகச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்."

"லைசன் யார்ட பேர்ல இருக்கு?"

"அவருடைய பேரில்."

"ஸ்டீயரிங் பிடிச்சது?"

"அவர்தான்."

"அப்ப?" என்றார் சார்ஜன். கடிந்து பேசவில்லை, வயதானவனுக்குக் கணக்கு விளங்கவைப்பது போல் பேசினார். "பொய் சொன்னதுக்கு ஐயாவுக்குக் கோர்ட்ல ஏச்சு விழும். வயசப் பாத்து விட்டுருவாங்க. மத்தது எல்லாம் டிரைவருக்குத்தான் போகும். இன்னும் யோசிக்க டைம் இருக்கு."

என்னையே தண்டனைக்கு ஒப்புக்கொடுக்கப் போகிறேன் என்ற எண்ணத்தோடு அந்தப் படிகளில் ஏறியிருந்தேன். அந்த எண்ணத்தில் ஒரு நிறைவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சட்டத்தில் எனக்கென்று ஓர் இடமே இல்லை. நான் தரப்போகும் மெய்க்குரிய விலையை இன்னொருவர் கொடுப்பார். சார்ஜன் சொன்னதுபோல் யோசித்தேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். திகனவில் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தவரும், லயத்தில் என் காலடி ஓசைக்கு எழுந்து நிற்கும் மனிதரும் மாறிமாறிக் கண்முன் வந்தார்கள். கடைசியில், "எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன்.

வழக்கு ஆறு தவணை நடந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக மெய்யைச் சொன்னார்கள்; என் மனைவி கடைசியாகச் சொன்னாள். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏன் ஹோர்ன் அடிக்கவில்லை என்று நீதவான் கேட்டபோது, "பனியில மறந்துட்டேங்க," என்றார். நான் எழுந்து நின்று பேச முயன்றேன், உட்காரச் சொன்னார்கள். முச்சக்கரவண்டி தன் பக்கத்தில்தான் வந்தது, அதில் விளக்கு எரிந்தது, வளைவில் நடுப்பாதையை எடுத்தது வேன்தான் என்று தீர்ப்பில் வாசித்தார்கள். இறந்தவனின் தந்தை கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். சாரதியின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது. சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். அவர் இனி எந்த வாகனமும் ஓட்டக் கூடாது.

நீதிமன்ற வாசலில் சாரதியின் மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "ஐயாவோட பாட்டுக்கு அவரு மரியாத குடுத்தாரு," என்றாள். "அதுக்கு ஐயா குடுத்த மரியாத இதுங்களா?" குரலை உயர்த்தவே இல்லை. பதிலுக்குக் காத்து நிற்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மார்கழியில் வேன் பிடிப்பதில்லை. வீட்டில் தனியே, விளக்கு முன்னால், தாழ்ந்த குரலில் பாடுகிறேன். ஏழாம் பாட்டு வந்ததும் தடுமாறும் என்று எண்ணியிருந்தேன். தடுமாறவில்லை, பழக்கம் அதைத் தானே பாடிவிடுகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

சென்ற மாதம் கண் பரிசோதனைக்காகக் கண்டிக்குப் போக, காலை பஸ்ஸில் ஏறினேன். பனி இறங்கியிருந்தது, பஸ் நிறைந்திருந்தது. நடுவில் ஓர் ஆசனத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்டி நகரத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குத் தினமும் போய்வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தீர்ப்புக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் காண்பது அதுவே முதல்முறை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க ஐயா."

"வேணாம் தம்பி. நீங்க இருங்க. பகல் பூரா நின்னு வேல செய்யணும்."

"உக்காருங்க. வளைவுல விழுந்துருவீங்க."

உட்கார்ந்தேன். அவர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெல்தெனிய நெருங்கும்போது, சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னேன்.

"ஒங்ககிட்ட சொல்லாமப் பொலிசுக்குப் போனது என் தப்பு தம்பி. மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கணும்."

"வந்திருந்தா வேணாமுன்னு சொல்லியிருப்பேங்க," என்றார். பிறகு, வெளியே வெண்மையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கி நான் அடிச்சேன்னு சொன்னது எனக்காக இல்லீங்க ஐயா. மோதுன உடனே என் கத முடிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும். அடிக்கலன்னு சொன்னா ஏன் அடிக்கலன்னு கேப்பாங்க. அப்பறம் ஐயா பாட்டச் சொல்லணும். பாட்டாலதான் ஒரு உசுரு போச்சுன்னு நாலு பேரு சொல்றத நான் கேக்கணுமா? அதான் சொன்னேன்," என்றார்.

அவர் குனிந்து, என் காலடியில் சரிந்திருந்த பையை எடுத்து என் மடியில் வைத்தார். திகனவில் பலர் இறங்கினார்கள். எனக்கு எதிரிலேயே ஓர் ஆசனம் காலியானது. அதைக் காட்டினேன். "பரவாயில்லீங்க," என்றார். கண்டி வரைக்கும் அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.